கம்பிக்குத் தெரியாது

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்தின மாதம், காஜா பேராங் பகுதியில் எங்கள் மேனேஜரின் கார் சாலையோர லோங்காங் சாக்கடையில் இறங்கிவிட்டது. இழுத்தெடுக்க வின்ச் பொருத்திய லாரியோடு ஒருவர் வந்தார். ஒடிசலான ஆள், காக்கி அரைக்கால்சட்டை, முழங்கை வரை தோல் கையுறை. முறுக்குக் கம்பியைக் காரில் மாட்டி, அதன்மேல் ஒரு ஈரச் சாக்கைப் போட்டார். அறுந்தால் கம்பி எகிறாமல் இருக்கவாம். மோட்டாரைப் போட்டதும் கம்பி விறைத்தது.

காரிலிருந்த குடையை எடுக்க நான் கம்பியைத் தாண்டினேன். உடனே அவர் மோட்டாரை நிறுத்தி, கம்பியைத் தளர்த்திவிட்டு, லாரிப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"நீங்க திரும்பி வரணுமே, தம்பி."

வந்தேன். முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை மேனேஜரே தாண்டினார். லாரிக்காரர் மறுபடியும் மோட்டாரை நிறுத்திப் படியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் ஆகாது லா!" என்று மேனேஜர் கத்தினார்.

"அது கம்பிக்குத் தெரியாதே, ஐயா."

எல்லோரும் எதிர்ப்பக்கக் கோப்பிக் கடைக்குள் போன பிறகுதான் இழுத்தார். கார் சமர்த்தாக மேலே வந்தது.

"பார்த்தியா, ஒண்ணும் ஆகல!" என்றார் மேனேஜர்.

"ஆமாங்க" என்றபடி சாக்கை மடித்தார் லாரிக்காரர்.

பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்றும் வீட்டில் துணி காயும் கயிற்றுக்கு அடியில் நான் குனிந்து போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். மனைவி காரணம் கேட்டால், கயிற்றுக்கு ஒன்றும் தெரியாது என்கிறேன்.