இருபது நிமிஷக்காரர்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கழற்றிவிட்ட செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தையல்காரரின் மனைவி தேடிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். கணவனின் இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற நாளில் செருப்பைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? சில்லென்ற தரையில் ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பச்சைச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் வந்தார். தம் செருப்பை அவள் முன்னால் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார்.

அவருக்கு அந்த மருத்துவமனையில் இருபது நிமிஷக்காரர் என்று பெயர். தொடை மடிப்பில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை அனுப்பி, அடைப்பு எங்கே என்று டாக்டர்கள் படம் எடுப்பார்கள். முடிந்ததும் குழாயை உருவிவிட்டு அந்த இடத்தை விரலால் அமுக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இருபது நிமிஷம். மூக்கு அரித்தாலும் கையை எடுக்கக் கூடாது. பதினெட்டு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. ஒருமுறை தீ அபாய மணி அடித்து எல்லோரும் வெளியே ஓடினார்கள். இவர் மட்டும் ஒரு பெரியவரின் தொடையைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் பார்த்தால் கேண்டீனில் ரொட்டி கருகிய புகை. ஊரார் ரத்தத்தையெல்லாம் நிறுத்துகிற மனுஷனுக்கு வீட்டுக் குழாய் சொட்டுவதை நிறுத்தத் துப்பில்லை என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

கடிகாரத்தை அவர் பார்க்கவே மாட்டார். கைக்கு அடியில் படுத்திருப்பவருக்காக மனசுக்குள் பிரார்த்தனை சொல்வார். எத்தனை முறை சொன்னால் இருபது நிமிஷம் என்பது அவருக்குத் தெரியும்.

தையல்காரருக்குக் குழாயை உருவி நாலு நிமிஷம் ஆகியிருக்கும். டாக்டர் படத்தோடு வந்தார். இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்துச் சமாளிக்க முடியாது, நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தாக வேண்டும், திங்கட்கிழமையே செய்தால் நல்லது, தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே கட்டிலருகே வந்து நின்றிருந்த மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தையல்காரர் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். நாற்பது வருஷமாகத் துணியோடு புழங்குகிறவர். ஒருமுறை பிரித்துத் தைத்த சட்டை எப்போதும் பிரித்துத் தைத்த சட்டைதான், பழையபடி உட்காராது. தம் நெஞ்சையும் அப்படி ஆக்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. பயமும் இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

"தம்பி, கையை எடுங்க. நான் வீட்டுக்குக் கிளம்பறேன்."

"எடுத்துடலாம்ணே. எடுத்தா ரத்தம் கூரை வரைக்கும் அடிக்கும். போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சாங்க. இன்னும் பதினாறு நிமிஷம் பொறுங்க, அப்புறம் உங்க இஷ்டம்."

அந்த வாரத்தில் முதல் தடவையாக மனைவிக்குச் சிரிப்பு வந்தது. தையல்காரருக்குக் கோபம் வந்தது. ஆனால் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்கிறவர் கோபப்பட்டு என்ன செய்வார்? சும்மா கிடக்கவும் பழக்கமில்லை. வாய் தானாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. எதை வைத்துத் தைப்பார்கள்? தலைமுடியைவிட மெல்லிய நூலாம். அடைத்த இடத்தைத் தாண்டி ஒட்டுப்போடத் துணி எங்கே கிடைக்கும்? இருபது நிமிஷக்காரருக்குக் கை ஒழியவில்லை. மோவாயால் தையல்காரரின் கெண்டைக்காலைக் காட்டினார். அங்கேயிருந்து ஒரு ரத்த நரம்பை எடுத்துத்தான் நெஞ்சில் வைப்பார்கள் என்றார்.

தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டைக் கையை வெட்டிக் கழுத்துக்கு ஒட்டுப்போடுவது எந்த ஊர்த் தொழில்?

"அப்போ காலுக்கு?"

"காலுக்கு வேற நரம்பு இருக்குண்ணே. இது இல்லாட்டியும் அது சமாளிச்சுக்கும்."

தையல்காரர் கூரையைப் பார்த்தார். அவர் கை எந்தத் துணியையும் அளவோடு வெட்டியதில்லை. உள்பக்கம் இரண்டு விரல் அகலம் மடித்து விட்டுத்தான் தைக்கும். வாங்கிப் போகிறவருக்கு அது தெரியாது. பத்து வருஷம் கழித்து உடம்பு பெருத்து, சட்டை பிடிக்கிறது என்று வந்து நிற்பார். மடிப்பைப் பிரித்துவிட்டால் அதே சட்டை இன்னும் பத்து வருஷம் ஓடும்.

"உள்மடிப்பு" என்றார் மெதுவாக.

"என்னண்ணே?"

"உள்மடிப்பு விட்டு வெச்சிருக்கான், மேல இருக்கிறவன். அம்பத்தெட்டு வருஷமா என் கால்லயே இருந்திருக்கு, எனக்குத் தெரியலையே."

"உலகத்துல நீங்க ஒருத்தர்தான் தையல்காரர்னு நெனச்சீங்களாக்கும்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கையை எடுக்கிற நேரம் வந்தபோது, திங்கட்கிழமை காலையா மதியமா என்று கேட்டுக்கொண்டிருந்தார் தையல்காரர். இன்னும் ஆறு மணி நேரம் காலை அசைக்கக் கூடாது என்றதும், அந்த நேரத்தில் பொத்தானுக்கு எத்தனை காஜா எடுத்திருக்கலாம் என்று கணக்குச் சொல்லி நர்சுகளைச் சிரிக்கவைத்தார்.

திங்கட்கிழமை கடவுள் புண்ணியத்தில் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் கட்டை மாற்றும்போது கால் தையலைக் குனிந்து பார்த்தார். பையன் கை நேராகத்தான் ஓடியிருக்கிறது, கடைசி முடிச்சில் மட்டும் கொஞ்சம் அவசரம் என்றார். அந்தப் 'பையன்' பக்கத்திலேயே நின்றார், தலை நரைத்த பெரிய சர்ஜன்.

வீட்டுக்குப் புறப்பட்ட அன்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்தவர் இருபது நிமிஷக்காரர். அது அவர் வேலையே இல்லை. தையல்காரர் திரும்பி அவர் தோளைக் கண்ணாலேயே அளந்தார். உங்களுக்கு ஒரு சட்டை தைக்கிறேன், அடுத்த மாசம் எடுத்துக்கிட்டு வரேன் என்றார். இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. சட்டையைத் தையல்காரரின் மனைவிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். பரிசோதனைக்குப் போவது தெருமுனைக் கிளினிக் என்பதால் தையல்காரரும் அவரும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, உள்ளே குனிந்து இருபது நிமிஷக்காரர் சொன்னது இதுதான்:

"சட்டையை யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்கண்ணே. எங்க போனாலும் 'வரேன்'னு சொல்லுங்க. இங்க மட்டும் 'போறேன்'னு சொல்லிட்டுப் போங்க."