மச்சான் என்னத் தம்பின்னு கூப்பிட்ட அன்னைக்கு

எங்க கரையில வாக்கி டாக்கி செட்டுல உண்மை பேசுறவனுக்கு மீன் மிஞ்சாது. எப்பவும் உண்மைதான் பேசணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க. சொல்லிக்குடுத்த சாரு ஒருநாளும் வலை போட்டதில்ல. எங்க நிக்கிறோம், என்ன மீன் மாட்டுதுன்னு உள்ளத உள்ளபடி செட்டுல சொன்னா, காரைக்கால் போட்டுங்க எல்லாம் நம்ம தலமேல வந்து நிக்கும். அதனால யாரைக் கேட்டாலும் ‘வெறுங்கடலுப்பா’ம்பாங்க. அவங்க பேசுறப்பவே பின்னாடி வஞ்சிரம் துள்ளுற சத்தம் கேக்கும்.

இந்தப் புளுகுல என் அக்கா புருசன், அதாவது என் மச்சான்தான், ராசா. வடக்க நின்னா தெக்கம்பாரு, தெக்க நின்னா வடக்கம்பாரு. கோட்டுச்சேரிமேடு முழுக்க இது தெரியும். எல்லாருக்கும் தெரியும்ங்கறது அவருக்கு மட்டும் தெரியாது. அவரு தெக்கன்னு சொல்லி வாய மூடல, நாலு போட்டு வடக்க திரும்பிடும்.

நான் மட்டும் என்ன, அரிச்சந்திரன் பேரனா? பத்தாவதுல ரெண்டு தடவ ஃபெயிலாயி கடலுக்கு வந்தவன். வாயத் தொறந்தா கேலி, மூடுனா தூக்கம். ‘அக்கா, மச்சான் மண்டபத்தூர்ல பொண்ணு பாக்கப் போயிருக்காரு’ன்னு சொல்லி, மாசமா இருக்குறவகிட்ட கரண்டியால அடி வாங்கியிருக்கேன். மச்சான் என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. செட்டுல, கல்யாண வீட்டுல, கோயில் வாசல்ல, எங்கயும் ‘ஓட்டவாயா’தான்.

போன மழைக்காலம். எனக்குத் திருக்கை முள்ளு குத்தி கால் வீங்கிக் கெடந்துச்சு, அதனால போகல. மச்சான் பங்காளிப் பசங்க ரெண்டு பேரோட ஃபைபர் போட்டுல போயிட்டாரு. காலையில கடலு தட்டாட்டம் இருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல வாடைக்காத்து ஏறிட்டு. போட்டுங்க ஒவ்வொண்ணா கரை ஏறுது, மச்சான் போட்டக் காணோம். நான் ஏலக்கூடத்துல செட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன்.

சர்ருன்னு இரைச்சல்.

‘தம்பி... தம்பி, கேக்குதா... இஞ்சின் நின்னு போச்சு... தெக்க நிக்கிறோம்... நாகூரு தர்கா மனோரா தெரியுது... தம்பி...’

அதோட சத்தம் நின்னு போச்சு.

மொதல்ல எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. யாருடா இந்த மரியாதக்காரரு, வேற கரைன்னு நெனச்சு நம்ம செட்டுல பேசுறாருன்னு நெனச்சேன். அப்பறம்தான் அந்தக் கொரலு யாருதுன்னு ஒறச்சுது. செட்ட அழுத்தி ‘மச்சான், மச்சான்’னு கத்துறேன். இரைச்சல்தான் வருது.

ஆளுங்க கூடிட்டாங்க. எங்க அப்பாவோட அண்ணன், பெரியப்பா, அவரு சொல்றதுதான் கரையில முடிவு. கோஸ்ட் கார்டுக்குப் போன் போட்டாச்சு. அவங்களும் எந்தப் பக்கம்னுதான் கேட்டாங்க. அந்த அலையத் தாண்டி எறங்குற மாதிரி ரெண்டு பெரிய இஞ்சின் போட்டுதான் இருந்துச்சு. ஒண்ணு மாட்டுனா இன்னொண்ணு இழுக்கணும், அதனால ரெண்டும் சேந்துதான் போவணும். இருட்டுறதுக்குள்ள ஒரு பக்கம்தான் தேட முடியும்.

‘எங்க நிக்கிறதா சொன்னான்?’ன்னாரு பெரியப்பா.

‘தெக்க. நாகூரு மனோரா தெரியுதுன்னாரு.’

‘அப்ப வடக்கதான். தரங்கம்பாடிக்கு நேரா நிப்பான்’னு ஒருத்தரு சொன்னாரு. எல்லாரும் தலையாட்டுனாங்க.

‘இல்ல பெரியப்பா, இந்தத் தடவ நெசம். தெக்கதான்.’

‘யாரு, நீ சொல்றியா நெசம்னு? திமிங்கிலம் ஒதுங்கிட்டுன்னு சொல்லி இந்தக் கரையவே ஓட வச்ச பயதானேடா நீ?’

ரெண்டு பேரு சிரிச்சாங்க. பயம் வந்தா சிலருக்கு அப்படித்தான் சிரிப்பு வரும். எனக்குத்தான் வரல. அன்னைக்கு மட்டும் வரல.

‘என்னத் தம்பின்னு கூப்பிட்டாரு பெரியப்பா.’

அவரு என் மூஞ்சிய ஒரு மாதிரி பாத்தாரு. ஏதோ கேக்கப் போனாரு. அப்ப கூட்டத்துக்குப் பின்னாடி அக்கா கொரலு.

‘என்னடா கூட்டம்? அவரு போட்டு வந்துட்டா?’

அக்காவுக்கு எட்டு மாசம். பிரஷரு ஏறிக் கெடக்கு, தூக்கிவாரிப் போடுற சேதி எதுவும் காதுல போடாதீங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க. அவ மூஞ்சியப் பாத்ததும் என் வாய் தானா ஓடிட்டு.

‘மச்சானா? இலங்கைப் பக்கம் புது மாமியா வீடு தேடிப் போயிருக்காருக்கா. நாளைக்கு வருவாரு, நீ போயி உலைய வையி.’

சொல்லி முடிக்கல, பெரியப்பா கையால காத்துல ஒரு தட்டு தட்டிட்டுத் திரும்பிட்டாரு. ‘இவனப் போயி நம்புனேன் பாரு. வடக்க எறக்குங்கடா போட்ட.’

ஆளுங்க போட்டத் தள்ளுறாங்க. வாடைக்காத்து தெக்கதான் தள்ளும். இவங்க வடக்க போகப் போக மச்சான் தெக்க போயிக்கிட்டே இருப்பாரு. அக்காகிட்ட கேலி பேசுனா இவங்க என்ன நம்ப மாட்டாங்க. இவங்க நம்புற மாதிரி பேசுனா அது அக்கா காதுல விழும். ஆண்டவன் ஒரு வாயத்தானே குடுத்திருக்கான்.

அக்கா கையப் புடிச்சு வலைக் குவியல் மேல உக்கார வச்சேன்.

‘அக்கா, மச்சான் போட்டுல இஞ்சின் நின்னு போச்சு. நடுக்கடல்ல நிக்கிறாரு. செட்டுல கூப்பிட்டாரு. தெக்கன்னு சொன்னாரு. என்னத் தம்பின்னு கூப்பிட்டாரு.’

அவ விழுந்துருவான்னு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறேன். அவ விழல. என் மணிக்கட்டப் புடிச்ச புடியில வளையல் என் தோல்ல பதிஞ்சுது.

‘ஓட்டவாயான்னு சொல்லலையா?’

‘இல்லக்கா.’

‘ஒருதடவ கூடவா?’

‘இல்ல.’

உக்காந்த எடத்துலேர்ந்தே கத்துனா பாருங்க, அலைச் சத்தத்தத் தாண்டி.

‘பெரியப்பா! தெக்க போங்க! இவனப் போயி அவரு தம்பின்னு கூப்பிட்டாருன்னா, புளுகுற தெம்பு அவருக்கு இல்ல. தெக்க போங்க!’

பெரியப்பா போட்டு மூக்கத் திருப்பச் சொல்லிக் கையக் காட்டிட்டு அவரே ஏறிட்டாரு.

அதுக்கப்பறம் காத்திருந்ததுதான் கொடும. மழ தூத்த ஆரம்பிச்சுட்டு. வீட்டுக்கு வான்னா அக்கா வரல. ஏலக்கூடத்துத் தகரத்துக்குக் கீழ, மடியில செட்டு, வயித்து மேல கையி.

‘கெடச்சிருவாராடா?’

உண்மையச் சொல்லணும்னா, எனக்குத் தெரியாது. தெக்கன்னு அடம் புடிச்சு அனுப்பியாச்சு. ஒருவேள இதுலயும் அவரு பழக்க தோசத்துல மாத்திச் சொல்லியிருந்தா? போட்டு கவுந்திருந்தா? இதயெல்லாம் நெனைக்க நெனைக்க என் வீங்குன காலு தனியா ஆடுது, அத அவ பாக்காம சாக்கு போட்டு மூடிக்கிட்டேன்.

‘கெடைக்காம எங்க போவாரு? உன் மீன்கொழம்புக்குப் பயந்து நீந்தியே ஓடுனாலும் கடலம்மா திருப்பி அனுப்பிருவா.’

‘புளுகு.’

‘ஆமா.’

‘நிறுத்தாத. பேசிக்கிட்டே இரு.’

பேசுனேன். மச்சான் போட்டுல டால்பினு உக்காந்து இஞ்சின் ரிப்பேரு பாக்குதுன்னேன். பங்காளிப் பசங்க பசிக்கு அவரோட மீசையக் கடிச்சுட்டாங்கன்னேன். ஒவ்வொண்ணும் பொய்யின்னு அவளுக்கும் தெரியும். நான் மூச்சு வாங்க நிறுத்துனா தொடையில கிள்ளுவா. மறுபடி ஆரம்பிப்பேன். கண்ணு மட்டும் ரெண்டு பேருக்கும் கடல் மேலதான்.

வெளிச்சம் மங்குறப்ப செட்டு இரைஞ்சுது. எனக்குத் தூக்கிப் போட்டுட்டு. அக்கா கண்ண மூடிக்கிட்டா.

‘ஆளு கெடச்சாச்சு. மூணு பேரும் இருக்காங்க.’ பெரியப்பா கொரலு.

அப்பறம் தொண்ட கட்டுன ஒரு கொரலு, எங்கயோ கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி.

‘ஓட்டவாயா... உங்கக்கா சோறு ஆக்கிட்டாளான்னு கேளுடா.’

அதுவரைக்கும் சொட்டுக் கண்ணீரு விடாதவ அப்பதான் அழுதா. நானும்தான். கரையில யாரும் என்னக் கேலி பண்ணல, அதுவே பயமா இருந்துச்சு.

செட்டுல வேற ஊரு போட்டுக்காரரு ஒருத்தரு கேட்டாரு, ‘எந்தப் பக்கம்ப்பா கெடச்சான்?’

‘வடக்கப்பா. தரங்கம்பாடிக்கு நேரா. வெறுங்கடலு’ன்னாரு பெரியப்பா, கூசாம. தெக்க, ஆளு கெடச்ச எடத்துல அவ்வளவு மீனு கெடந்துச்சாம்.

அக்காவுக்குப் பையன் பொறந்தான். ஆம்பளப் புள்ளைய எங்க ஊருல எல்லாரும் தம்பி, தம்பின்னுதான் கொஞ்சுவாங்க. ஒருநாளு நான் உள்ள சோறு தின்னுக்கிட்டிருக்கேன், வாசல்லேர்ந்து மச்சான் ‘தம்பி...’ன்னாரு. சோத்துத் தட்ட அப்படியே போட்டுட்டு, என்னாச்சு மச்சான்னு ஓடி வந்து நிக்கிறேன். அவரு புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு என்னயே பாத்தாரு. அவரும் சிரிக்கல, நானும் சிரிக்கல.

இப்ப அவனையும் ஓட்டவாயான்னுதான் கூப்பிடுறாரு. அவனுக்கு இன்னும் பல்லே மொளைக்கல.