நனைச்சியா அக்கா

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவாள் நனைச்சியா அக்கா. போலீஸில் மாட்டிக்கொண்டவளைப் போல நேரே குளியலறைக்குப் போவாள். வேலைச் சட்டை கதவுத் திரையில்கூடப் பட்டுவிடக் கூடாது.

அவள் வேலை பார்த்தது தக்காளி வளர்க்கும் பசுமைக்குடிலில். அங்கே செடிக்கு மண் கிடையாது. கல்லை உருக்கி இழுத்த பஞ்சுக் கட்டியில்தான் வேர் பிடிக்கும். காய்ந்த கட்டியைப் பிய்த்தால் தூள் பறந்து தொண்டையைப் பிடிக்கும், தோலில் ஏறி அரிக்கும். அதனால் யார் கட்டியில் கை வைத்தாலும் முந்திக்கொண்டு கேட்பாள்: “நனைச்சியா?” பெற்றோர் வைத்த பெயர் அதோடு போயிற்று. மேற்பார்வையாளரையும் அவள் விட்டதில்லை. “முகக்கவசத்தைத் தாடையில மாட்டியிருக்கீங்களே சார், தாடையாலயா மூச்சு விடுறீங்க?”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? ஒரு நாள் மாலை ஓடி வந்த மகளை வேலைச் சட்டையோடு அள்ளிக்கொண்டாள். குழந்தை கழுத்தெல்லாம் சிவந்து, சொறிந்து சொறிந்து அழுதது. பச்சைத் தண்ணீர் ஊற்ற ஊற்ற அரிப்பு அடங்கிவிட்டது. அக்காவுக்குத்தான் மனசு அடங்கவில்லை.

மறுநாளிலிருந்து வாசலிலேயே அதட்டல்தான். “தள்ளி நில்லுடி தங்கம், அம்மா குளிச்சிட்டு வரேன்.” குழந்தை சுவரோடு ஒட்டி நின்று வழி விடும். குளித்து, வேலைத் துணியைத் தனி வாளியில் அலசிவிட்டு வருவதற்குள் பாதி நாள் குழந்தை தூங்கிப் போயிருக்கும். ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் அந்த வயது அப்படியே கைநழுவிப் போனது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன வாரம் விடுமுறையில் வந்திருந்தாள். மாலை அம்மா உள்ளே வந்ததும், பழைய பழக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“குளிச்சிட்டு வாம்மா. டீ போடறேன்.”

“இப்போ பஞ்சு வேலை இல்லடி. பழம் அடுக்குற பக்கம் மாத்திட்டாங்க. ரொம்ப நாளாச்சு.”

“அப்போ கையை ஏன்மா தூக்கிட்டு நிக்கற?”

அக்கா அண்ணாந்து பார்த்தாள். கைகள் மேலேதான் இருந்தன. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மகள் எட்டி அந்த இரண்டு கைகளையும் பிடித்து இறக்கி, தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.