நோவு கண்ட கை

முருகன் சூரனை அழித்துவிட்டு வந்து கோபம் தணிந்த மலை என்று திருத்தணியைச் சொல்வார்கள். எனக்கு அந்த மலையில்தான் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷமாகியும் இறங்கிய பாடில்லை.

அம்மாவின் கையை ஒடித்தது நைனா. குழம்பில் உப்பு கூடிவிட்டதாம், முறுக்கித் தள்ளினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நைனாவின் அக்காவான என் அத்தை ஊருக்குச் சொன்னது வேறு. "கொழாயாண்ட வழுக்கி வுழுந்துட்டா." ஆஸ்பத்திரியிலும் அதுவே. அம்மாவும் ஆங் ஆங் என்று தலையாட்டினாள்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அவளால் குடம் தூக்க முடியவில்லை. உடனே அத்தைக்குப் பக்தி பொங்கிவிட்டது. வெள்ளித் தகட்டில் அடித்த கை ஒன்றை முருகனுக்குச் செலுத்துவதாக வேண்டிக்கொண்டாள். "எந்த உறுப்புல நோவோ அத்த செஞ்சி உண்டியல்ல போட்டா சாமி சரி பண்ணிடும்" என்று எனக்கும் விளக்கினாள்.

அப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் நான். அப்படியே நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த கலர் களிமண் முழுவதையும் ஒன்றாகப் பிசைந்தால் கிட்டத்தட்ட நைனாவின் நிறம் வந்தது. அவர் மத்தியானம் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தேன். கோணிய சுண்டுவிரல், தடித்த முட்டிகள், மோதிரம். மோதிரத்துக் கல்லுக்காகச் சிவப்பில் ஒரு துளி முன்பே எடுத்து வைத்திருந்தேன். விரலுக்கு விரல், முருகா இதைச் சரி பண்ணு என்று சொல்லிக்கொண்டேன். அதற்குமுன் எந்தச் சாமியிடமும் நான் அப்படி மனசார எதையும் கேட்டதில்லை.

மலைமேல் உண்டியலருகே அத்தை வெள்ளிக் கையை அம்மாவிடம் கொடுத்தாள். நான் பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன்.

"இன்னாடி இது? உங்கம்மா கை இம்மாம் பெருசா?"

"அம்மா கை இல்ல அத்தே. நைனா கை. அதுலதான நோவு."

அத்தை முகம் கறுத்துப்போனது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். எங்களோடு வந்திருந்த நைனாவும் சிரித்தார். "எம் பொண்ணு நல்லா பண்ணிகிறா" என்று வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, மோதிரம் போட்ட அந்தக் கையாலேயே நசுக்கி உருண்டையாக்கித் தூணோரம் வீசினார். வெள்ளிக் கை உண்டியலுக்குள் போனது. சாமி சும்மா நின்றுகொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வாயைத் திறக்காத அம்மாமேல் அதைவிட ஆத்திரம்.

கே.ஜி.கண்டிகைக்குத் திரும்பும் பஸ்ஸில் நைனா முன்னால் நின்றார். அம்மாவுக்கு முகம் கொடுக்காமல் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் என் காதருகே குனிந்தாள்.

"ஒரு கைதான் செஞ்சிகினு வந்தியா?"

"ஆங்."

"அடுத்த தபா ரெண்டும் செய்யி."

என் வேலையில் குறை சொல்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களிமண் தீர்ந்துபோய்விட்டது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.