படிக்கட்டுக்கு அடியில் ஒரு மொழி

யிட்டிஷ் மொழியில் எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும். 'இக் ஹாப் மொய்ரெ.' எனக்குப் பயமாக இருக்கிறது என்று பொருள். அதை எனக்குச் சொன்ன வெள்ளைக்கார அம்மாவுக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். லிந்துலைக்கு மேலே, ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் தொரை குடியிருந்து பிறகு விடுதியாகிப்போன பங்களாவில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அவர் பேத்தியுடன் வந்து அங்கே தங்கியிருந்தார். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பார். ஜெர்மன்காரர்கள் பலர் வந்து தங்கிப் போனதில் அந்த ஓசை எனக்குப் பழக்கம். ஜெர்மன் மொழியா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவர் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. கேட்டிருக்கக் கூடாதோ என்று பயந்துபோனேன்.

இது ஜெர்மன் இல்லை, யிட்டிஷ் என்று அவரே சொன்னார். ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன் ரைன் ஆற்றுப் பக்கம் குடியேறிய யூதர்கள் அங்கிருந்தவர்களின் ஜெர்மன் பேச்சை எடுத்துக்கொண்டு, தங்கள் வேதத்தின் எபிரேயச் சொற்களை அதில் கலந்தார்களாம். அடித்து விரட்டப்பட்டுக் கிழக்கே போனபோது போலந்துப் பக்கத்துச் சொற்களும் வந்து சேர்ந்தன. எழுதுவது எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. பெரிய போரில் அதைப் பேசியவர்களை ஜெர்மன்காரர்கள் லட்சம் லட்சமாகக் கொன்றுவிட்டார்கள். இன்னும் சில ஊர்களில் பக்தியான குடும்பங்கள் வீட்டில் பேசுகின்றன. ஆனால் தன் மகளுக்கு அதைச் சொல்லித்தரத் தனக்கு மனம் வரவில்லை என்றார். ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றதற்கு அவர் வாயில் வந்ததுதான் அது. 'இக் ஹாப்' ஜெர்மனிலிருந்து, 'மொய்ரெ' எபிரேயத்திலிருந்து. உடைந்த ஜெர்மன் என்று அந்த மொழியைக் கேலி செய்வார்களாம். எங்கள் பேச்சிலும் லைன் வீட்டுக்கு லயம், காலையில் ஆள் எடுக்கும் பரேடுக்குப் பெரட்டு என்று பாதி இங்கிலீஷ்தான், அதையும் தோட்டக்காட்டுப் பேச்சு என்று சிரிப்பார்கள் என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

மூன்று நாளாக மழை விடவில்லை. ரயிலில் வட்டவளைப் பக்கம் போன பேத்தி, தண்டவாளத்தில் மண் சரிந்து அங்கேயே மாட்டிக்கொண்டாள். போனும் கிடைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சமையல்கட்டுக்குப் பின்னால் மலையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. சற்று நேரத்தில் இராணுவத்தினர் வந்துவிட்டார்கள். கதவுகளைத் தட்டி, உடனே பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்படி சிங்களத்தில் கத்தினார்கள். அவர் அறைக்கு ஓடினேன். கட்டில் காலி. செருப்பு மட்டும் கிடந்தது.

"மலை எறங்குதுக்கா, அந்தம்மாவ சீக்கிரம் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சமையல்காரர் வெளியிலிருந்து கூப்பிட்டார். குளியலறை, மாடி, வராந்தா எங்கும் அவர் இல்லை. கடைசியில் விளக்குமாறும் வாளியும் வைக்கும் படிக்கட்டுக்கு அடியில் பார்த்தேன். ஒரு கையால் முழங்காலைக் கட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தார். மறு கையால் தன் வாயைத் தானே இறுக்கிப் பொத்தியிருந்தார். ஆங்கிலத்தில் எவ்வளவு கெஞ்சியும் அது அவர் காதுக்குள் போகவில்லை. பலகைத் தரையில் பூட்ஸ் சத்தம் நெருங்க நெருங்க அவர் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின. அந்தச் சத்தம் எனக்கும் ஆகாது.

வந்த இராணுவப் பையனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். தூக்கிக்கொண்டு போகவா என்று மரியாதையாகத்தான் கேட்டான். சீருடைக் கை மேலே பட்டால் அந்த இடத்திலேயே அவர் உயிர் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. வெளியே நிற்கும்படி அவனைக் கெஞ்சினேன். மலையை ஒருமுறை பார்த்துவிட்டு, பத்து நிமிடம்கூடத் தாங்காது அக்கா என்று சொல்லி நகர்ந்தான்.

குனிந்து உள்ளே போனேன். பயப்படாதீர்கள் என்று அவர் மொழியில் சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் சொல் இல்லை. தலைக்கு மேல் வீடே முனகியது. என்னிடம் இருந்ததைச் சொன்னேன். "இக் ஹாப் மொய்ரெ." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அது பொய்யில்லையே. அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். தொலைந்துபோன பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். நாலைந்து சொற்கள் தணிந்த குரலில் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வெளியே வந்தார். வெறுங்காலோடு மழையில் லாரி வரைக்கும் என்னை அவர்தான் நடத்திக்கொண்டு போனார்.

லாரி முதல் வளைவு திரும்புவதற்குள் மலை இறங்கிவிட்டது. சமையல்கட்டும் படிக்கட்டும் மண்ணுக்குள் போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அந்த இடத்தில் மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். ஆங்கிலம் மெல்லத் திரும்பியது. நீ எங்கே ஒளிந்திருந்தாய் என்று கேட்டார். சின்ன வயதில் நான் ஒளிந்திருந்ததை அவரிடம் சொன்னதேயில்லை. லாரிகளில் வந்து தமிழர்களை அடித்த கலவர வருடத்தில் எனக்கு ஆறு வயது. அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், வரவில்லை. தமிழிலேயே சொன்னேன். "தேயிலைக்குள்ளங்க. எங்கம்மா என் வாயப் பொத்திக்கிட்டாங்க. லாரியெல்லாம் போற வரைக்கும் கைய எடுக்கல. எனக்கு மூச்சு முட்டிப்போச்சுங்க." நான் முடிக்கும்வரை அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் தன் மொழியில் ஆரம்பித்து வெகுநேரம் பேசினார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. என்ன சொன்னாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பேத்தி அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தாள். மலை இறங்கிய அன்று சாயங்காலமே இராணுவப் பையன்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். ஒருவன் எங்களிடம் வந்து கோப்பையை நீட்டினான். அவருக்காக நான் வாங்கக் கையை நீட்டினேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, அவனிடமிருந்து தானே வாங்கினார். அவருக்கு நான் போர்த்தியிருந்த என் சேலையில் கொஞ்சம் தேத்தண்ணி சிந்தியது. அவன் போகும் வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீதியைக் குடித்தார்.