ரோபோவின் முதுகில் ஒரு போன்

ஸ்ரீவராகத்து ராஜஸ்ரீ எங்கள் பள்ளியில் பதினோரு வருட லேப் அசிஸ்டென்ட். மாணவர்களின் போட்டி ரோபோவுக்கு இரண்டு போன் வேண்டும். கையில் வைத்து ஓட்ட ஒன்றை வாங்கவே நிர்வாகத்துக்கு மூச்சு முட்டியது. ரோபோவின் முதுகில் பொருத்த, தன் போனில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அவளே கொடுத்தாள். ஓட்டத்தின் நடுவே அழைப்பு வராதபடி இரண்டையும் ஃபிளைட் மோடில் போட்டு வைஃபையில் இணைத்தாள்.

போட்டிக்குப் போன வேனில் அவளுக்கு மட்டும் இடமில்லை. அங்கே போட்டியின் நடுவே இரண்டு போன்களின் இணைப்பு அறுந்தது. தோற்றுத் திரும்பிய பிரின்சிபால், ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"ஒரு ஆவஸ்யத்துக்கு இருபது தடவை விளிச்சேன். போனை ஆஃப் பண்ணி வச்சிருக்கே! பொறுப்புன்னு ஒண்ணு உண்டா உனக்கு?"

ராஜஸ்ரீ, அவர்கள் கொண்டுவந்து வைத்திருந்த ரோபோவின் முதுகிலிருந்து தன் போனைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"இந்தப் போனுக்குத்தானே விளிச்சேள், சார்?"