ட்ரீனா வோண்ட்ராவின் சராசரி

ட்ரீனா வோண்ட்ரா பிசியோதெரபி படிப்புக்கு விண்ணப்பித்தது அது மூன்றாவது தடவை. அவள் ஊரான கிராண்ட் ஐலண்டில் அவளைத் தெரிந்தவர்கள் அதைப் பற்றி விசாரிப்பதையே விட்டுவிட்டார்கள். அண்ணன் ரஸ்டி மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரோலுமாகச் சாப்பிட உட்கார்ந்தால் போதும், "டாக்டரம்மாவுக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க, மூளை ஓடணும்ல" என்பான். அவனுக்கும் பொழுது போக வேண்டுமே. முன்பெல்லாம் ட்ரீனா பதிலுக்கு ஏதாவது சொல்வாள். இப்போது ரோலைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பிசியோதெரபி நிலையத்தில்தான். ஆனால் உதவியாள். கட்டிலைத் துடைப்பது, துண்டு மடிப்பது, ஐஸ் பை எடுத்துக் கொடுப்பது, நடக்கப் பழகுகிறவர்களோடு கூடவே நடப்பது. முதலாளி கர்ட் நல்ல மனுஷன். அவர் கைவைத்து முடித்த முதுகை ட்ரீனா துடைத்துவிடுவாள். வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்து, கைவைப்பவளாகத் தானே ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. இதைப் பேராசை என்று யார் சொல்ல முடியும்?

குறுக்கே நின்றது அவளுடைய மதிப்பெண் சராசரி. அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் கிடையாது. பத்தொன்பது வயதில் லிங்கன் நகரத்துக் கல்லூரியில் படிக்கும்போது காலை எட்டு மணி வேதியியல் வகுப்புக்கு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி எழுதித் தர வேண்டிய கட்டுரை என்று ஒன்று இருக்கிறதே, அதில் ஒரு துயரம் இருந்தே ஆக வேண்டும் என்பது இந்த ஊரில் எழுதப்படாத சட்டம். கர்ட்தான் யோசனை சொன்னார்.

"உங்கம்மாவுக்குப் பக்கவாதம் வந்துச்சே, அத எழுதேன்."

"அது நான் காலேஜ் முடிச்சு நாலு வருஷம் கழிச்சு வந்துச்சு, கர்ட்."

"தேதிய யாரு பாக்கப் போறா?"

முதல் வருஷம் அதையும் எழுதிப் பார்த்தாள். யாரும் தேதியையும் பார்க்கவில்லை, பக்கவாதத்தையும் பார்க்கவில்லை. எல்லாக் கல்லூரியிலிருந்தும் 'வருந்துகிறோம்' என்றே பதில் வந்தது. அம்மாவின் நோயை விற்கப் போய் விலை போகாமல் திரும்பி வந்ததில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் அவள் அதைச் சொல்லவேயில்லை.

பிறகு உள்ளூர் மாலைக் கல்லூரியில் சேர்ந்து வேதியியலையும் இயற்பியலையும் மறுபடி படித்தாள். பகலெல்லாம் ஐஸ் பை, சாயங்காலம் எல்லாம் அமிலம், காரம். இரண்டிலும் முதல் தர மதிப்பெண். அவள் பழைய கல்லூரியில், ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் புது மதிப்பெண் வந்து பழையதை அழித்துவிடும். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நம்பிவிட்டாள். பிசியோதெரபிக் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவாக விண்ணப்பம் வாங்கும் அலுவலகம் எதையும் அழிப்பதில்லை. தோற்றதையும் ஜெயித்ததையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறி ஒரு சராசரி சொல்லிவிடும். அத்தனை சாயங்காலமும் போய், நாலுக்கு இரண்டு புள்ளி ஏழாக இருந்தது இரண்டு புள்ளி ஒன்பது ஆனது. பெரும்பாலான கல்லூரிகள் மூன்றுக்குக் கீழே இருப்பவர்களைச் சல்லடையிலேயே தள்ளிவிடுகின்றன. மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே அழுதாள். அழுது முடித்துவிட்டு அம்மாவுக்குப் பால் வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாவது தடவை, மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்னக் கல்லூரி அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. எடுத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் போட்டது. கோடை முழுக்க அவள் அந்தப் பட்டியலில்தான் குடியிருந்தாள் என்று சொல்ல வேண்டும். சேர்க்கை அலுவலகத்து அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள்: கடைசி வாரத்தில் இடம் காலியானால் வரிசையாகப் போன் போடுவோம், யார் எடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான். வேலை நேரத்தில் போன் கூடாது என்கிற கர்ட், அந்த வாரம் மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை எல்டன் ரீக்கர் வந்தார். சோளம் போடுகிற விவசாயி, இடுப்பு மூட்டு மாற்றியவர். அன்றுதான் வாக்கர் இல்லாமல் முதல் நடை. ட்ரீனா அவர் இடுப்பில் பட்டையைக் கட்டி, பின்னால் ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையைத் தோளில் வைத்து நடத்திக்கொண்டு போனாள். பட்டையைப் பிடித்தவர் ஆளை உட்கார வைக்கும்வரை விடக் கூடாது. அந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது.

கூடத்தின் நடுவில், நாற்காலி இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்கிற இடத்தில், பைக்குள் போன் அதிர்ந்தது. கர்ட் உள்ளறையில் ஒரு தோள்பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டாள். அவர் காதில் விழவில்லை.

"எடும்மா, நான் நின்னுக்கறேன்" என்றார் எல்டன்.

அவள் விட்டாள். பொய் சொல்வானேன், பட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்துப் பைக்குள் விட்டாள். போன் விரலில் பட்ட அதே நேரம் எல்டனின் முட்டி மடங்கியது. அவள் இரண்டு கையாலும் பட்டையைப் பாய்ந்து பிடித்து, தன் தொடையில் அவரைத் தாங்கிக்கொண்டாள். போன் கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு அடங்கியது. ஒவ்வொரு அடியாக நாற்காலிவரை கொண்டுபோய் உட்கார வைத்த பிறகு வெளியே ஓடிப்போய்த் திரும்பப் போன் போட்டாள்.

சேர்க்கை அலுவலகத்து அம்மாளின் குரல் இளகிப் போயிருந்தது. அடுத்த பேர்க்காரன் உடனே எடுத்துவிட்டானாம். "இப்பதான்மா வச்சேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். ட்ரீனா நன்றி சொன்னாள். பழக்கதோஷம். பிறகு கார் நிறுத்தத்தில் வெயிலில் நின்றாள். எல்டன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் கிழட்டு முட்டியை உடைத்துப் போடலாம் போலிருந்தது.

அவள் உள்ளே வந்தபோது எல்டன் உட்கார வைத்த இடத்திலேயே இருந்தார். என்ன போன் என்று கேட்டார். சொன்னாள்.

"நீ விட்டிருந்தாலும் நான் விழுந்திருக்க மாட்டேன்மா" என்றார்.

"விட்டேன், எல்டன். விழப் பாத்தீங்க."

ட்ரீனா குனிந்து பட்டையை இறுக்கினாள்.

"எந்திரிங்க. இன்னொரு நடை பாக்கி இருக்கு."

"இன்னைக்குப் போதும்மா."

"எனக்கும்தான் போதும்னு இருக்கு" என்றாள் ட்ரீனா. "எந்திரிங்க."